ஆணைச் சொன்னால் பெண்ணும் அடக்கமா?

கேள்வி: 'மனிதன்', 'அவன்' என்று பொதுவாக எழுதினால் பெண்களும் அதில் அடக்கம்தானே? இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டு ஆணாதிக்கம் என்று கூச்சல் போடுவது வேலையற்ற வேலை இல்லையா?
(ஒரு வாசகர்)

பதில்: 'அடக்கம்' என்று முன்பும் சிலர் சொன்னார்கள். சட்டமாகவே எழுதி வைத்தார்கள். 1850-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சட்ட வாசகங்களைச் சுருக்குவதற்காக ஒரு சட்டம் போட்டது. ஆண்பாலில் எழுதியிருந்தால் பெண்ணையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. சரி, 1867-இல் வாக்குரிமையை விரிவாக்கிய சட்டம் வந்தது. அதில் இருந்த ஆங்கிலச் சொல் 'மேன்' (man). அப்படியானால் நாங்களும் உண்டு என்று மான்செஸ்டரில் 5,000-க்கும் மேற்பட்ட பெண்கள் வாக்காளர் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்டார்கள். 1868-இல் நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. இந்த இடத்தில் மட்டும் 'மேன்' என்றால் ஆண்தானாம். சொத்துள்ள பெண்ணிடம் வரி வாங்கும்போது இந்தச் சந்தேகம் யாருக்கும் வந்ததில்லை.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டத்திலும் இதே விதி இருக்கிறது. இருந்தும், சட்டப் பட்டத்தோடு வந்த ரெஜினா குஹாவை வக்கீலாகப் பதிவுசெய்யக் கல்கத்தா உயர்நீதிமன்றம் 1916-இல் மறுத்தது. பாட்னாவில் சுதான்ஷுபாலா ஹஸ்ராவுக்கும் அதே கதி. பெண் என்பதற்காக யாரையும் தடுக்கக்கூடாது என்று 1923-இல் தனிச் சட்டம் வந்த பிறகுதான் நாடு முழுவதும் கதவு திறந்தது.

மொழிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்லவில்லை. பாரசீக மொழியில் 'அவன்', 'அவள்' பேதமே கிடையாது, இருவருக்கும் ஒரே சொல்தான். அதனால் ஈரானியப் பெண்களுக்குச் சமஉரிமை கிடைத்துவிடவில்லை. வேர் சொத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1870 வரை, மணமான பெண் உழைத்து வாங்கும் கூலிகூடச் சட்டப்படி கணவனுடையது. கல்யாணம் ஆனதும் அவளுடைய சட்ட அடையாளமே அவனுக்குள் கரைந்துவிடும். நீங்கள் சொல்லும் 'அடக்கம்' அதுதான். பெண் யாருடையவள் என்று தெரிந்தாக வேண்டும் என்ற அந்தப் பழைய அவசரம் இன்னும் போகவில்லை. 'திரு' என்று போட்டால் ஒருவர் மணமானவரா என்று தெரியாது. பெண் மட்டும் செல்வியா, திருமதியா என்று விண்ணப்பத்தில் சொல்லியாக வேண்டும்.

மனைவியை இழந்தவனுக்குத் தமிழில் சொல்லே இல்லை என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். அது தப்பு. 'காதலி இழந்த தபுதார நிலை' என்று தொல்காப்பியமே சொல்கிறது, 'தபுதாரன்' அகராதியிலும் இருக்கிறது. ஆனால் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அவன் மறுபடி மாப்பிள்ளை ஆகிவிட்டான், அந்தச் சொல்லுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 'கைம்பெண்' மட்டும் ஓய்வே இல்லாமல் உழைத்துக்கொண்டிருந்தது. சொல் இல்லாததைவிட இது மோசம் என்பது என் கட்சி.

அப்புறம், தமிழில் இதைச் சரிசெய்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை. 'அவர்' இருபாலுக்கும் பொது. 'மனிதன்' என்பதை 'மனிதர்' ஆக்கினால் ஓர் எழுத்துகூட அதிகமாகாது. எங்கள் பக்கங்களில் அப்படித்தான் அச்சிடுகிறோம். புரியவில்லை என்று இதுவரை ஒரு கடிதமும் வரவில்லை.