புதுப்பிப்புப் பணியை மறைத்த நட்சத்திர விடுதி: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: என் பெற்றோரின் 40-ஆவது திருமண நாளுக்காக, மாமல்லபுரம் அருகே கடலை ஒட்டிய ஐந்து நட்சத்திர விடுதியில் இரண்டு அறைகளை மூன்று இரவுகளுக்கு முன்பதிவுத் தளம் ஒன்றின் வழியாக எடுத்தோம். மொத்தம் 84,000 ரூபாய். போய் இறங்கிய பிறகுதான் புதுப்பிப்புப் பணி நடப்பது தெரிந்தது. நீச்சல் குளம் வற்றிக் கிடந்தது. கடல் பார்த்த பால்கனியைச் சாரமும் பச்சைத் துணியும் மறைத்திருந்தன. பகல் முழுக்கத் துளையிடும் சத்தம். ஆஸ்துமா உள்ள அப்பாவுக்குத் தூசியால் மூச்சுத்திணறல் வந்து மருத்துவரிடம் போனோம். காலி செய்தால் பணம் திரும்பாது என்றதால் தங்கிவிட்டோம். ‘பணிகளால் ஏற்படும் இடையூறுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற வரியுள்ள வருகை அட்டையில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இணையத்தில் படங்களோடு விமர்சனம் எழுதியதற்கு, அவதூறு வழக்குப் போடுவோம் என்கிறார் மேலாளர். நான் என்ன செய்யலாம்?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்:

வழக்குத் தொடரலாம். உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. ஆனால் அந்த வலு எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தன் கட்டடத்தைப் புதுப்பிக்க விடுதிக்கு முழு உரிமை உண்டு. சத்தமில்லாமல் சுவரை இடிக்கவும் முடியாது. பணி நடப்பதைச் சொல்லாமல், தண்ணீர் நிறைந்த குளத்தின் படத்தைக் காட்டி முழு வாடகையையும் வாங்கியதுதான் குற்றம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(11), தொடர்புடைய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே வரையறுக்கிறது. புகார் மனுவைச் சத்தத்தில் தொடங்காதீர்கள். இந்த மறைப்பில் தொடங்குங்கள்.

உங்களை அதிகம் கலங்கவைப்பது அந்தக் கையெழுத்து என்று நினைக்கிறேன். அது எப்போது வாங்கப்பட்டது என்று பாருங்கள். முன்பதிவு உறுதியாகி, பணம் போய்ச் சேர்ந்தபோதே ஒப்பந்தம் உருவாகிவிட்டது. வயதான பெற்றோரோடு பெட்டிகளைச் சுமந்து வரவேற்பறையில் நிற்பவரிடம் பிறகு நீட்டும் நிபந்தனை, அவர் யோசித்து ஏற்றுக்கொண்ட நிபந்தனை ஆகாது. விடுதி அறைக்குள் மாட்டியிருந்த ‘பொறுப்பல்ல’ என்ற அறிவிப்பு, ஏற்கெனவே வரவேற்பறையில் உருவாகிவிட்ட ஒப்பந்தத்தின் பகுதியாகாது என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1949-லேயே சொல்லிவிட்டது. நம் உச்ச நீதிமன்றத்துக்கு வருவோம். டெல்லியில் விடுதி ஊழியரிடம் நிறுத்தக் கொடுத்த கார் 1998-இல் திருடு போனது. ‘உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்’ என்று சீட்டில் அச்சடித்திருந்ததைக் காட்டி விடுதி தப்பிக்கப் பார்த்தது. தன் கவனக்குறைவுக்கான பொறுப்பை அப்படி ஒரு வரியால் உதறிவிட முடியாது என்று தாஜ் மஹால் ஹோட்டல் வழக்கில் 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. அது பொருளை ஒப்படைத்தது பற்றிய வழக்கு. உங்களுடையது அப்படியே அதுவல்ல. இருந்தாலும், அச்சடித்த வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதை நீதிமன்றம் எப்படிப் பார்க்கிறது என்று காட்ட அதை மேற்கோள் காட்டலாம். அந்த அட்டையின் நகலை இன்றே மின்னஞ்சலில் கேளுங்கள். தர மறுத்தால் அதுவும் உங்களுக்குச் சாதகமே.

மூன்று இரவும் தங்கியதால் உரிமை போய்விடாது. தொகையை மட்டும் அது பாதிக்கும். 84,000 ரூபாயையும் கேட்கலாம். முழுவதும் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. அறையில் உறங்கியிருக்கிறீர்கள், காலைச் சிற்றுண்டி சாப்பிட்டிருக்கிறீர்கள். வாடகையில் ஒரு பகுதி, அப்பாவின் மருத்துவச் செலவு, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். இதில் நான் மிகவும் கனமாகக் கருதுவது அப்பாவுக்கு வந்த மூச்சுத்திணறலை. மருத்துவரின் சீட்டில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள்.

முன்பதிவுத் தளத்தையும் எதிர்தரப்பில் சேருங்கள். பணி நடப்பதைத் தளத்துக்குச் சொல்லிவிட்டோம் என்று விடுதி சொல்லும், விடுதி சொல்லவேயில்லை என்று தளம் சொல்லும். இருவரும் ஒரே வழக்கில் இருந்தால்தான் உண்மை வெளிவரும். மின்வணிக விதிகள், 2020-இன்படி தளத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். ஆகவே அவருக்கு முதலில் எழுதுங்கள். கூடவே விடுதிக்கு 15 நாள் கெடு வைத்து விரைவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்யலாம். சில நேரம் அங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் செங்கல்பட்டுக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு தாக்கல் செய்ய 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும். கைபேசியில் எடுத்த படங்களையும் காணொளிகளையும் அழிக்காமல், சுருக்காமல் மூலக் கோப்பாகவே வைத்திருங்கள். மின்னணு ஆதாரங்களுக்குத் தேவையான, பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63-இன்படியான சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். முன்பதிவின்போது தளத்தில் பார்த்த படங்கள் இன்னும் மாறாமல் இருந்தால், தேதி தெரியும்படி இப்போதே திரைப்பதிவு எடுங்கள். உங்கள் அறிவிப்பு போய்ச் சேர்ந்த மறுநாளே அவை காணாமல் போகலாம்.

அவதூறு மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம். பொது நன்மைக்காகச் சொல்லும் உண்மை அவதூறாகாது என்பது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 356-இல் உள்ள முதல் விதிவிலக்கு. விமர்சனத்தில் ‘மோசடிக் கும்பல்’ போன்ற சொற்கள் இருந்தால் மட்டும் நீக்கிவிடுங்கள். பார்த்ததும் பட்டதும் அப்படியே இருக்கட்டும். மேலாளரின் மிரட்டல் எழுத்தில் வந்திருந்தால் மனுவோடு சேருங்கள்.

ஆணையம் சமரசத்துக்கு அனுப்பினால் போங்கள். அங்கே பெரும்பாலும் ‘இரண்டு இரவு இலவசமாகத் தங்கலாம்’ என்ற கூப்பனை நீட்டுவார்கள். அதன் தேதியும் நிபந்தனையும் அவர்கள் கையில் இருக்கும். பணத்தை வங்கிக் கணக்கில் செலுத்த ஒப்புக்கொண்டால் மட்டும் கையெழுத்திடுங்கள்.