நாம் படிக்கும் அறிவியல் கோட்பாடுகள் உண்மையிலேயே அடிப்படையானவையா, இல்லை வேலைக்கு ஆகும் மாதிரிகள் மட்டும்தானா?

இதைக் கேட்ட நீங்கள் அநேகமாக இயற்பியல் படிக்கிற மாணவராக இருப்பீர்கள். "நாம் படிப்பதெல்லாம் வெறும் மாடல்தான், உலகம் நிஜத்தில் எப்படி இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது" என்று வகுப்பில் யாராவது சொல்லியிருப்பார்கள். அப்புறம் புத்தகத்தைத் திறந்தாலே இதை ஏன் படிக்க வேண்டும் என்று தோன்றியிருக்கும். நானும் அந்தக் கட்டத்தில் மாட்டிக்கொண்டு கிடந்தவன்தான். எனக்கு அதிலிருந்து வழி கிடைத்தது விருதுநகரில் ஒரு ஐஸ்கிரீம் கடையில், என் அப்பா மூலமாக. கதை கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இயற்பியல் ஆராய்ச்சியாளன் இல்லை. மெக்கானிக்கல் படித்துவிட்டு ஒரு பாலிடெக்னிக்கில் தெர்மோடைனமிக்ஸும் ரெஃப்ரிஜரேஷனும் நடத்துகிறவன். குவாண்டம் பற்றி என்னைவிட நன்றாக எழுத ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது வெப்பம், அதை வைத்தே சொல்கிறேன்.

அப்பா ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக். எட்டாவது வரை படித்துவிட்டு மதுரையில் ஒரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் பழகியவர். அவரிடம் ஃப்ரிட்ஜ் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் ஒரே பதில்தான்: "உள்ள இருக்கிற சூட்டை அள்ளி வெளிய கொட்டுது." சூடு என்பது அவருக்குத் தண்ணீர் மாதிரி ஒரு பொருள். அள்ளலாம், கொட்டலாம், வழி அடைத்தால் தேங்கி நிற்கும்.

2007 மே மாதம், அக்னி நட்சத்திர வெயில். நான் பி.இ. கடைசி செமஸ்டர் முடித்து வந்திருந்தேன். ஒரு ஐஸ்கிரீம் கடையில் டீப் ஃப்ரீசர் பத்து நிமிடம் ஓடுவதும் கட் ஆவதுமாக இருந்தது, உள்ளே கப் எல்லாம் இளகத் தொடங்கிவிட்டது, கடைக்கார அண்ணாச்சி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் கேஸ் குறைந்திருக்கும், வேக்கம் போட்டு நிரப்ப வேண்டும் என்று சொல்லி, ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன். அப்பா ஒன்றும் பேசாமல் ஃப்ரீசருக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தார். சுவரை ஒட்டி வைத்திருந்தார்கள், இரண்டு பக்கமும் கோன் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தது, சூட்டை வெளியே விடுகிற கண்டன்சர் காயிலில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. "கொட்டுற இடம் நிறைஞ்சு கெடக்குடா தம்பி. இனி அள்ளுனா எங்க கொட்டுவான்?" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அண்ணாச்சி முன்னாலேயே அப்பாவைத் திருத்தினேன். வெப்பம் ஒரு பொருளே இல்லைப்பா, மூலக்கூறுகளின் அசைவுதான் வெப்பம், அதை அள்ளுவது கொட்டுவது என்று பேசுவதே தப்பு என்று. "சரி, அசைவாவே இருக்கட்டும். இந்தப் பக்கம் புடி" என்றார். இருவரும் ஃப்ரீசரை ஒன்றரை அடி முன்னால் நகர்த்தினோம், பெட்டிகளை எடுத்தோம், காயிலை பிரஷ் போட்டுச் சுத்தம் செய்தோம். சாயங்காலத்துக்குள் ஐஸ்கிரீம் கட்டியாகிவிட்டது. கேஸ் சரியாகத்தான் இருந்திருக்கிறது. கண்டன்சர் சூட்டை விட முடியாததால் பிரஷர் ஏறி, கம்ப்ரசர் ஓவர்லோடில் கட் ஆகியிருக்கிறது.

தப்பான கோட்பாடு வைத்திருந்தவர் சரியாகச் சொன்னார், சரியான கோட்பாடு வைத்திருந்த நான் தப்பாகச் சொன்னேன். இது பல வருடம் என்னைக் குடைந்தது. அனுபவம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம்தான், ஆனால் அப்பாவின் அனுபவம் முழுக்க அந்த 'அள்ளிக் கொட்டுவது' என்கிற படத்தில்தான் ஏறியிருந்தது. அந்தப் படம் இல்லாமல் அவர் கை அங்கே போயிருக்காது.

பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகு, தெர்மோடைனமிக்ஸின் இரண்டாம் விதி நடத்துவதற்காக, கார்னோ என்கிற பிரெஞ்சு இன்ஜினியரின் புத்தகத்தை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். 1824ல் பாரிஸில் வந்தது, அப்போது அவருக்கு 28 வயது. படிக்கப் படிக்க எனக்குக் கை நடுங்கியது, மிகைப்படுத்தவில்லை. அப்பா பேசியது அப்படியே அதில் இருந்தது. கார்னோவுக்கும் வெப்பம் ஒரு பாய்பொருள்தான். கலோரிக் என்று பெயர். வேதியியலாளர் லவாய்சியர் 1789ல் போட்ட தனிமங்கள் பட்டியலில் ஆக்சிஜனோடு கலோரிக்கும் உண்டு. தண்ணீர் மேலிருந்து விழுந்து சக்கரத்தைச் சுற்றுவதுபோல், கலோரிக் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்கும்போது எஞ்சினை ஓட்டுகிறது, விழுந்த தண்ணீர் குறையாததுபோல் கலோரிக்கும் குறைவதில்லை என்று கார்னோ எழுதுகிறார்.

இது தப்பு. ஒரு பகுதி வெப்பம் வேலையாக மாறிவிடுகிறது, அது கீழே போய்ச் சேருவதில்லை. ஆனால் அந்தத் தப்பான படத்திலிருந்து அவர் எடுத்த முடிவைப் பாருங்கள்: கொடுக்கும் வெப்பத்தில் எவ்வளவு பங்கை ஓர் எஞ்சின் வேலையாக மாற்ற முடியும் என்பதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு, அந்த வரம்பு இரண்டு வெப்பநிலைகளைப் பொறுத்தது மட்டுமே, உள்ளே ஓடுவது நீராவியா காற்றா என்பதைப் பொறுத்ததில்லை. 1850ல் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் வந்து கலோரிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்த முடிவை மட்டும் வைத்துக்கொண்டார். பிறகு போல்ட்ஸ்மன் மூலக்கூறுகளை வைத்து எழுதினார், முடிவு நின்றது. குவாண்டம் வந்தது, அப்போதும் நின்றது. நீராவி 540 டிகிரி, குளிர்விக்கும் பக்கம் 40 டிகிரி என்று இருக்கும் ஓர் அனல் மின் நிலையத்துக்கு கார்னோ வரம்பு 61 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். எவ்வளவு பணம் கொட்டினாலும் அதைத் தாண்ட முடியாது.

இன்னொன்று நீங்களே பிளஸ் ஒன்னில் படித்திருப்பீர்கள். ஒலியின் வேகத்துக்கு நியூட்டன் போட்ட கணக்கு, லாப்லாஸ் திருத்தம். நியூட்டன் கணக்கில் நொடிக்கு 280 மீட்டர் வருகிறது, 0 டிகிரியில் அளந்தால் சுமார் 331. லாப்லாஸ் அதைச் சரி செய்தார். அவர் கலோரிக்கை நம்பியவர், காற்றை அழுத்தும்போது ஒளிந்திருக்கும் கலோரிக் வெளிப்பட்டுச் சூடேறுகிறது என்று நினைத்துத்தான் அந்தத் திருத்தத்தைச் செய்தார் என்பதை எனக்கு எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. நாம் இன்றைக்கும் பரீட்சையில் எழுதுகிற சூத்திரம் அது.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. ஒரு கோட்பாடு உலகம் எதனால் ஆனது என்று காட்டுகிற படத்தை அடிப்படை என்று நம்பி அதில் வீடு கட்டாதீர்கள், அது எப்போது வேண்டுமானாலும் மாறும். இன்றைய துகள் இயற்பியலின் ஸ்டாண்டர்ட் மாடலில் ஈர்ப்பு விசைக்கு இடமே இல்லை, நியூட்ரினோ என்கிற துகளுக்கு நிறை உண்டு என்று 1998ல் ஜப்பானில் தெரிந்தபோது அதன் பழைய வடிவம் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் 'வெறும் மாதிரி' என்று சொல்லித் தள்ளவும் முடியாது. பொருள்களுக்கு நடுவே அது கண்டுபிடித்த உறவு, படம் கிழிந்த பிறகும் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அதை அடிப்படை என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை, அது அணுவுக்குள்ளே இருந்தாலும் சரி, ஃப்ரீசருக்குப் பின்னால் இருந்தாலும் சரி.

அப்படியானால் எல்லாக் கோட்பாடும் ஒன்றுதான், ஜோசியமும் அறிவியல்தானா என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். இல்லை. 1798ல் ரம்ஃபோர்ட் என்பவர் மூனிச்சில் பீரங்கிக் குழாயைத் துளை போடும்போது வெப்பம் வந்துகொண்டே இருப்பதைக் காட்டினார். உரசுகிற வரை தீராமல் வருவது எப்படி ஒரு பொருளாக இருக்க முடியும் என்று கேட்டார். அதற்கும், வேலை எவ்வளவு வெப்பமாக மாறுகிறது என்று பின்னால் ஜூல் அளந்து காட்டியதற்கும் கலோரிக்கிடம் பதில் இல்லை, அதனால் போனது. கார்னோவே பிற்காலக் குறிப்புகளில் கலோரிக்கைக் கைவிட்டிருக்கிறார், அவர் 1832ல் காலராவில் இறந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அது அச்சில் வந்தது. அப்பாவின் படத்துக்கும் ஓர் எல்லை உண்டு. உள்ளே அள்ளியதுதான் வெளியே வரும் என்றால், ஒரு டன் ஏசி அறையிலிருந்து எடுக்கும் 3.5 கிலோவாட்தான் வெளியே வர வேண்டும். வருவது சுமார் 4.5. கம்ப்ரசர் இழுக்கும் கரண்டும் சூடாகச் சேர்ந்து வெளியே வருகிறது.

இதைச் சொல்லும்போது ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். இப்போது கட்டுகிற அபார்ட்மெண்ட்களில் அவுட்டோர் யூனிட்டை முகப்பு அழகு கெடுகிறதென்று மூடிய பொந்துக்குள் வைக்கச் சொல்கிறார்கள். ஒன்றன் மேல் ஒன்றாக ஆறு யூனிட், கீழே இருப்பது விடுகிற சூட்டை மேலே இருப்பது இழுக்கிறது. கூலிங் இல்லை என்று மெக்கானிக்கைத்தான் திட்டுகிறார்கள், வரைபடம் போட்டவரை யாரும் கேட்பதில்லை. அந்தப் பொந்துக்குள் உயிரைப் பணயம் வைத்துத் தொங்கி வேலை பார்க்கிற பையன்களில் என்னிடம் படித்தவர்கள் இருக்கிறார்கள்.

கார்னோவைப் படித்து முடித்த வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். 200 வருடத்துக்கு முன்னால் பிரான்சில் ஒரு இன்ஜினியர், பட்டாளத்து ஆள், நீங்கள் சொல்கிற மாதிரியே சூட்டைத் தண்ணீராக வைத்து ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார் என்று. அன்றைக்கு அண்ணாச்சி கடையில் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன், அவருக்கு அது ஞாபகமே இல்லை. சூடு மேலிருந்து கீழே விழுந்து சக்கரம் சுற்றுகிற கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் யோசித்து, "அவரு சொல்றது கீழ விழுறது. நாம கரண்டைக் குடுத்து மேல ஏத்துறோமே தம்பி, அதைப் பத்தி எழுதலையா?" என்று கேட்டார்.

எழுதியிருக்கிறார். எஞ்சினைத் திருப்பி ஓட்டினால் கலோரிக் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு ஏறும் என்பதை வைத்துத்தான் கார்னோ அந்த வரம்பையே நிரூபிக்கிறார். புத்தகத்தை எடுத்து வந்து, அந்தப் பக்கத்தை அப்பாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.