அலாரம் அடிக்காத பீட்டா

வணக்கம் சார்,

போன மாதம் என் போனில் புது இயங்குதளத்தின் பீட்டாவை, அதாவது சோதனைப் பதிப்பை, ஏற்றினேன். என்னிடம் இருப்பது இந்த ஒரே போன். முதல் நாளே கையில் பிடிக்க முடியாத சூடு. காலையில் முழுசாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் மதியத்துக்குள் 20 சதவீதத்துக்கு வந்து நிற்கிறது. கீபோர்டு எழும்பி வர ஒரு நொடி யோசிக்கிறது. சாயங்காலமானால் இன்னும் மோசம். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் அலாரம் அடிக்கவில்லை. நேர்முகத் தேர்வுக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போய் நின்றேன்.

நண்பர்களிடம் சொன்னால் “அடுத்த பீட்டாவில் சரியாகிவிடும்” என்கிறார்கள். இதுவரை இரண்டு பீட்டா வந்து போய்விட்டது. சூடு குறைந்திருக்கிறது, மற்றதெல்லாம் அப்படியே. இது போனின் கோளாறா, பீட்டாவின் கோளாறா? இத்தனை பெரிய நிறுவனங்கள் அரைகுறையாக இருப்பதை எதற்காக வெளியே விடுகின்றன? பழையதற்கே திரும்பிவிடலாமா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

அலாரம் அடிக்காததை நண்பர்களிடம் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பீட்டாவைச் செய்தவர்களுக்கு எழுதினீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் சூடு.

பீட்டா என்றில்லை, எந்தப் பெரிய அப்டேட் போட்டாலும் முதல் ஓரிரு நாள் போன் சுடும். வெளியே சும்மா கிடப்பது போலத் தெரிந்தாலும் உள்ளே வீடு மாற்றிய மறுநாள் மாதிரி வேலை நடக்கிறது. ஆண்ட்ராய்டில் 7.0 பதிப்பிலிருந்து ஒரு ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு ஆப்பிலும் நீங்கள் அடிக்கடி தொடும் பகுதிகள் எவை என்று போன் குறித்து வைத்துக்கொள்ளும். சார்ஜில் சும்மா கிடக்கும்போது அந்தப் பகுதிகளை மட்டும் பிராசஸருக்கு நேராகப் புரியும் மொழிக்கு மாற்றி வைக்கும். இயங்குதளம் மாறினால் பழைய மாற்றம் செல்லாது, திரும்பச் செய்ய வேண்டும். ஐபோனில் தேடலுக்கான அட்டவணையும் போட்டோக்களை அலசுவதும் மறுபடி நடக்கும். உங்களிடம் பத்தாயிரம் போட்டோ இருந்தால் அது சின்ன வேலையா?

பீட்டாவில் சிக்கல் என்னவென்றால், இரண்டு வாரத்துக்கு ஒன்று, சில சமயம் வாரத்துக்கு ஒன்று என்று அப்டேட் வந்துகொண்டே இருக்கும். போன் குளிர்ந்து ஒரு நிலைக்கு வருவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். அதனால் புது பீட்டா ஏற்றிய அன்றைக்கே “பேட்டரி படுமோசம்” என்று தீர்ப்பு எழுதுபவர்களை நான் நம்புவதில்லை. மூன்று நாள் கழித்தும் அதே கதை என்றால்தான் அது பேச வேண்டிய விஷயம்.

பீட்டாவுக்கே உரிய பாரம் ஒன்றும் இருக்கிறது. சோதனைப் பதிப்பு தான் செய்வதையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டே ஓடும். நாளைக்கு எங்கே தடுக்கி விழுந்தது என்று பார்க்க அந்தக் குறிப்பு வேண்டும், அதற்கும் பேட்டரிதான் செலவு. வேகத்துக்கான மெருகேற்றல் பெரும்பாலும் கடைசியில்தான் நடக்கும். நாளை மாறப்போகிற ஒன்றுக்கு இன்றைக்கு யார் மெருகு போடுவார்கள்? அப்புறம், நீங்கள் வைத்திருக்கும் ஆப்களில் பல இன்னும் புது இயங்குதளத்துக்கு மாறியிருக்காது. ஆப்பின் குற்றம் இயங்குதளத்தின் தலையில் விழுவதும் நடக்கிறது.

உங்கள் கீபோர்டு விஷயத்தில் ஒரு துப்பை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள்: சாயங்காலமானால் மோசம். கீபோர்டு என்பது தனியாக ஓடும் ஒரு நிரல். நினைவகம் போதவில்லை என்றால் கண்ணுக்குத் தெரியாத நிரல்களை இயங்குதளம் ஒவ்வொன்றாக வெளியே தள்ளும். கீபோர்டும் அதில் போய்விட்டால், நீங்கள் தட்டும்போது அது அடியிலிருந்து எழும்பி வர வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரையில் (நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரை) ஒரு காட்சியை வரைந்து முடிக்கக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி விநாடி, 120 ஹெர்ட்ஸ் என்றால் 8.3. அதற்குள் முடியாவிட்டால் கண்ணுக்குத் தட்டுப்படும். உங்களுக்கோ ஒரு முழு நொடி போகிறது.

இப்படிச் செய்து பாருங்கள். காலையில் போனை அணைத்துப் போட்டதும் கீபோர்டு எப்படி வருகிறது? பளிச்சென்று வந்து, பொழுது ஏற ஏற மந்தமானால், ஏதோ ஒன்று நினைவகத்தை எடுத்துக்கொண்டு திருப்பித் தராமல் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். அணைத்துப் போட்ட உடனேயும் மந்தம் என்றால் கதை வேறு. ஆண்ட்ராய்டு என்றால் சேஃப் மோடில் போட்டுப் பாருங்கள். நீங்கள் நிறுவிய ஆப்கள் அதில் ஓடாது. அங்கே சரியாக இருந்தால் குற்றவாளி நீங்களே கூட்டிவந்த ஆப்களில் ஒன்று. போனின் கோளாறா என்று கேட்டீர்கள். பீட்டா ஏற்றும் முன்பு நன்றாக இருந்தது, ஏற்றிய அன்றிலிருந்தே இப்படி, வாரம் போகப் போகச் சூடு குறைகிறது. இதில் போனைக் குற்றம் சொல்ல எனக்கு எதுவும் தெரியவில்லை.

ஏன் வெளியே விடுகிறார்கள்? எத்தனை ஆயிரம் போனை ஆய்வகத்தில் அடுக்கினாலும் உங்கள் போனைப் போல ஒன்று அங்கே இருக்காது. உங்கள் சிம், உங்கள் ஹெட்செட், எட்டு வருஷத்துப் பழைய மெயில் கணக்கு, நீங்கள் தட்டும் மொழி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த போன் உலகத்தில் ஒன்றுதான். மொழி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து ஐபோன்களைச் சாய்த்தது. அந்த எழுத்து உள்ள செய்தி வந்தால் ஆப் மூடிக்கொள்ளும், திறந்தால் மறுபடி மூடிக்கொள்ளும். அப்போது எல்லோர் கையிலும் இருந்தது ஐஓஎஸ் (ஐபோனின் இயங்குதளம்) 11.2.5 என்ற இறுதிப் பதிப்பு. சோதனையில் இருந்த 11.3 பீட்டாவில் அந்தக் கோளாறு இல்லை! பிறகு 11.2.6 வந்து சரியானது. தமிழில் தட்டச்சு செய்துகொண்டு பீட்டா போடுகிறவர்கள் குறைவு. அப்படிப் போடுகிறவர் கண்ணில் படும் கோளாறு வேறு யார் கண்ணிலும் படாமலே இறுதிப் பதிப்புக்குப் போய்விடலாம்.

பீட்டாவே சொதப்பியதும் உண்டு. 2018 ஆகஸ்ட்டில் ஐஓஎஸ் 12-இன் ஏழாவது பீட்டாவை வெளியிட்ட அன்றைக்கே ஆப்பிள்காரர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அத்தனை மந்தம். இரண்டு நாளில் எட்டாவது வந்தது. அந்த மாதக் கடைசியில் இன்னொரு கூத்து: “புது அப்டேட் வந்திருக்கிறது, பீட்டாவிலிருந்து மாறிக்கொள்ளுங்கள்” என்று ஒரு பெட்டி, போனைத் திறக்கும்போதெல்லாம். போய்ப் பார்த்தால் அப்டேட் எதுவும் இருக்காது. பன்னிரண்டாவது பீட்டா வந்த பிறகுதான் அது வாயை மூடியது. இறுதிப் பதிப்பு என்றாலும் நிம்மதி இல்லை. 2014 செப்டம்பரில் ஐஓஎஸ் 8.0.1 பதிப்பு ஐபோன் 6-இல் நெட்வொர்க்கையே காணாமல் அடித்தது. அதையும் சீக்கிரமே திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

நிறுவனங்கள் மீது எனக்கு ஒரு குறை உண்டு. ஆப்பிள் 2023 வரை டெவலப்பர் பீட்டாவைக் கட்டணம் கட்டிப் பதிந்தவர்களுக்குத்தான் கொடுத்தது. இப்போது இலவச டெவலப்பர் கணக்கு வைத்திருக்கும் யாரும் செட்டிங்ஸில் போய் ஒரு தட்டில் எடுத்துக்கொள்ளலாம். ஜூனில் வரும் முதல் பீட்டா ஆப் எழுதுகிறவர்களுக்காகச் செய்தது, பொதுமக்களுக்கானது பெரும்பாலும் ஜூலையில்தான் வரும். செட்டிங்ஸில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் இந்த வேறுபாடு ஓரளவு தெளிவு. இனி அடித்தளம் மாறாது என்று ஒரு கட்டத்தில் அறிவித்துவிடுவார்கள். ஆண்ட்ராய்டு 16-க்கு 2025 ஜனவரியில் முதல் பீட்டா, மார்ச்சில் மூன்றாவது பீட்டாவோடு அந்த அறிவிப்பு, ஜூனில் இறுதிப் பதிப்பு. ஆசை இருப்பவர்கள் அந்தக் கட்டம் வரைக்குமாவது பொறுக்கலாம்.

இப்போது அலாரம். சில வருஷங்களுக்கு முன் நானும் ஒரு பீட்டா போட்டிருந்தேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். போனில் நான் பேசுவது எதிரில் இருப்பவருக்குச் சில சமயம் கேட்காது. கோபத்தில் “கால் பேச முடியவில்லை, உடனே சரிசெய்யவும்” என்று அனுப்பினேன். ஒரு பதிலும் இல்லை. அதைப் படிப்பவர் என்னதான் செய்ய முடியும்? பத்து நாள் கவனித்த பிறகு இப்படி எழுதினேன்: “புளூடூத் ஹெட்செட்டில் பேசிக்கொண்டிருக்கும்போது ஹெட்செட்டை அணைக்கிறேன். பேச்சு போனுக்கு வருகிறது. எனக்குக் கேட்கிறது, என் குரல் போகவில்லை. ஐந்து முறை செய்தேன், ஐந்து முறையும் இதே. ஸ்பீக்கரை ஒரு தடவை தட்டினால் சரியாகிவிடுகிறது.” மறுநாளே கூடுதல் விவரம் கேட்டுப் பதில் வந்தது. அடுத்த பதிப்பில் அந்தத் தொல்லை இல்லை.

“அலாரம் அடிக்கவில்லை” என்பதும் என் முதல் கடிதம் மாதிரிதான். திரை எரிந்து நேரம் காட்டி, சத்தம் மட்டும் வரவில்லையா? இல்லை, எதுவுமே நடக்கவில்லையா? முன்னதில் சந்தேகம் ஒலியின் பக்கம் போகும். பின்னதில், அசையாமல் கிடக்கும் போனைத் தூங்க வைக்கும் ஏற்பாட்டின் பக்கம் போகும். தூக்கத்தில் இருந்தவருக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். காலையில் தவறிய அலாரம் பற்றி அறிவிப்பு ஏதாவது கிடந்ததா? போன் சார்ஜில் இருந்ததா? தொந்தரவு செய்யாதே என்ற அமைப்பு போட்டிருந்ததா? போனோடு வந்த கடிகாரமா, வேறு ஆப்பா? மறுபடி அடிக்காமல் போனால் உடனே லாக் (போன் எழுதி வைத்திருக்கும் அந்தக் குறிப்பு) எடுங்கள். ஐபோனில் ஒலி பட்டன் இரண்டையும் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து ஒரு நொடி அழுத்திவிட்டு, பீட்டாவோடு வரும் ஃபீட்பேக் ஆப்பில் இணைக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் பக் ரிப்போர்ட் என்று இருக்கும். அந்தக் கோப்பில் உங்கள் கணக்கு, வைஃபை பெயர், ஆப் பட்டியல் எல்லாம் இருக்கும். பொது இடத்தில் போட்டுவிடாதீர்கள்.

திரும்பலாமா என்றால், திரும்பிவிடுங்கள். மந்தத்தோடு காலம் தள்ளலாம். வேலை தேடுகிற நேரத்தில் இருப்பது ஒரே போன், அதில் அலாரத்தை நம்ப முடியாது என்றால் வேறு யோசனையே வேண்டாம். ஆனால் வழி சுலபமில்லை. ஐபோனைக் கம்ப்யூட்டரில் மாட்டி, முழுசாகத் துடைத்துத்தான் பழையதை ஏற்ற முடியும். பீட்டாவில் இருந்தபோது எடுத்த பேக்கப் பழைய பதிப்பில் ஏறாது, அதற்கு முன்னால் எடுத்தது இருந்தால்தான் உண்டு. ஆப்பிள் வாட்ச்சிலும் பீட்டா போட்டிருந்தால் அதை நீங்களாக இறக்க முடியாது. கூகுளின் பிக்சல் போன் என்றால் பீட்டா திட்டத்திலிருந்து விலகியதும் ஒரு அப்டேட் வரும். அதை ஏற்றினால் எல்லாம் அழியும். ஏற்றாமல் விட்டுவிட்டு, இறுதிப் பதிப்பு வந்ததும் அதற்கு மாறினால் அழியாது. இறுதிப் பதிப்புக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம்தான் என்றால் நான் அப்படித்தான் செய்வேன்.

எதைச் செய்தாலும் துடைக்கும் முன் அந்த ரிப்போர்ட்டை அனுப்பிவிடுங்கள். துடைத்த பிறகு லாக் எங்கே இருக்கும்? அதுவரைக்கும் தலைமாட்டில் ஒரு பழைய கடிகாரத்தை வையுங்கள். அடுத்த முறை அலாரம் தவறினால், திரை எரிந்ததா இல்லையா என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.