மூன்றடி வாசலுக்கு எத்தனை மாவிலை?

வாசல், கோலம், பூ, விளக்கு பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் வாசலில் மாவிலை கட்டுகிறேன். மறுநாளே இலைகள் சுருண்டுவிடுகின்றன. எல்லாம் சரிந்து நடுவில் வந்து குவிகின்றன, ஒன்றிரண்டு கிழிந்து விழுகின்றன. எங்கே தப்பு?
– வாசகி, திருநெல்வேலி

மூன்று தொல்லைக்கும் மூன்று காரணம் உண்டு. முதலில் இலை. செம்பு நிறத் துளிர் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதன் மேல்தோல் இன்னும் முற்றாததால் ஈரம் வேகமாகப் போய், சில மணி நேரத்திலேயே துவண்டுவிடும். மிகவும் முற்றிய இலையோ மடிக்கும்போதே வெடிக்கும். கரும்பச்சையாக, வளைத்தால் ஒடியாமல் வளைகிற, 6 முதல் 7 அங்குல நீள இலைதான் சரி. காம்போடு பறித்து, காம்பு மூழ்கும்படி அரை மணி நேரம் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். பால் வடிந்துவிடும். அந்தப் பால் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும், சுவரில் பட்டால் கறையாகும். பிறகு இலையைக் கழுவி, இரண்டு பக்கமும் துணியால் ஈரம் போகத் துடையுங்கள். ஈரத்தோடு கட்டிய இலையில்தான் கரும்புள்ளி விழுகிறது.

அடுத்தது கயிறு. நடுவில் குவிகிறது என்கிறீர்களே, நைலான் கயிற்றில் கட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறோம். அதில் பிடிப்பே கிடையாது. சணலோ வாழைநாரோ போதும். சொரசொரப்பு இருப்பதால் இலை வைத்த இடத்தில் நிற்கும். கட்டும்போது நடுத்தொய்வு 2 அங்குலத்துக்கு மேல் போகாமல் இழுத்துக் கட்டுங்கள்.

மூன்றடி அகல வாசலுக்கு 5 அடி கயிறு வெட்டினால் இரு முனையிலும் முடிச்சுக்கு ஓரடி மிஞ்சும். இரு ஓரத்திலும் 3 அங்குலம் விட்டு, 3 அங்குலத்துக்கு ஓர் இலை என்று வைத்தால் சரியாக 11 இலை. ஒற்றைப்படை என்பதால் ஓர் இலை நேர் நடுவில் வந்து நிற்கும். முதலில் அந்த நடு இலையைக் கட்டிவிட்டு இரு பக்கமும் போனால் இடைவெளி பிசகாது.

இனி மடிப்பு. இலையைக் கயிற்றுக்குப் பின்னால் பிடித்து, காம்புப் பக்கம் ஓர் அங்குலத்தைக் கயிற்றின் மேலாக முன்னால் மடியுங்கள். இரண்டு மடிப்பையும் சேர்த்து ஈர்க்குச்சியால் குத்தி எடுங்கள். நடுநரம்பில் குத்தினால் அது பிளந்து இலை விழும். நரம்பை ஒட்டிப் பக்கத்தில் உள்ளே நுழைத்து, நரம்புக்கு அந்தப் பக்கமாக வெளியே எடுக்க வேண்டும். ஸ்டேப்ளர் முள் வேண்டவே வேண்டாம். இலை காய்ந்ததும் முள் கழன்று, வெறுங்காலோடு நடக்கும் வாசலில் விழும்.

மேற்கு வெயில் விழும் வாசலில் இரண்டு நாள், நிழலான வாசலில் நான்கைந்து நாள் பச்சை நிற்கும். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். பிளாஸ்டிக் மாவிலையை வாங்கி மாட்டிவிடலாமா என்று இன்னும் சில வாசகர்களும் கேட்டிருக்கிறார்கள். எங்கள் கருத்து, வேண்டாம் என்பதே. வாடுகிற பொருள் என்பதால்தான் அடுத்த வாரம் மறுபடி கை வைக்கிறோம். கழற்றவே தேவையில்லாத தோரணத்தை மூன்றாம் மாதத்தில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, அதில் தூசுதான் படிகிறது.

அடுக்குமாடியில் இருக்கிறோம். வாசலில் 2 அடிக்கு 2 அடி இடம், அதுவும் டைல்ஸ். இழைக்கோலம் போட்டால் காய்ந்ததும் செதில் செதிலாகப் பெயர்கிறது. புள்ளிக்கோலம் போட இடம் போதவில்லை.
– வாசகி, சென்னை

பெயர்வதற்குத் தரைதான் பாதிக் காரணம். சிமெண்டுத் தரையிலும் செங்கல் தரையிலும் மாவு நுண்துளைகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பளபளப்பான டைல்ஸில் இறங்க இடமில்லை, மேலேயே நிற்கிறது. மீதிப் பாதி மாவின் கெட்டித்தனம். கனமாக விழுந்த இழை காயும்போது சுருங்கி வெடிக்கும்.

அரை டம்ளர் பச்சரிசியை 2 மணி நேரம் ஊற வைத்து, விரலில் தேய்த்தால் நறநறக்காத அளவுக்கு வெண்ணெய் போல் அரையுங்கள். தோசை மாவைவிட நீர்க்க, மோரைவிடக் கெட்டியாக இருக்கட்டும். டைல்ஸுக்கு மட்டும் ஒரு தேக்கரண்டி மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், பிடிப்பு கூடும். தரையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எந்த மாவும் நிற்காது. அதனால் முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள்.

உள்ளங்கை அகலப் பருத்தித் துணியை மாவில் நனைத்துக் கைக்குள் பொத்திக்கொண்டு, மோதிர விரல் வழியாக மாவு வழிய இழுக்க வேண்டும். புதிதாகப் போடுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, ஈரத்தில் கோடு மங்கலாகத் தெரிகிறதே என்று அதன் மேலேயே மறுபடி இழுப்பது. அங்கேதான் கனம் கூடிச் செதில் கிளம்புகிறது. பொறுங்கள், காயக் காயத் தானே வெளுக்கும். அரைத்த மாவை அன்றே தீர்த்துவிடுங்கள். புளித்த மாவில் நுரை கட்டி இழை விட்டுவிட்டு விழும். காவி பூசுவதாக இருந்தால் கோலத்துக்குள் மட்டும் பூசுங்கள். டைல்ஸ் இடுக்கில் இறங்கிய காவி லேசில் போகாது.

இரண்டடியில் புள்ளிக்கோலத்துக்குத் தாராளமாக இடம் உண்டு. 7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி. அதாவது ஒரு வரிசையின் புள்ளி, அடுத்த வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே வரும். நடு வரிசையில் 3 அங்குல இடைவெளியில் 7 புள்ளி வைத்தால் 18 அங்குலம். இரு பக்கமும் மும்மூன்று அங்குலம் சுழிக்கு மிஞ்சும். மேலும் கீழும் 6, 5, 4 என்று குறைத்துக்கொண்டு போனால் மொத்தம் 37 புள்ளி. இடைப்புள்ளியில் ஒரு நுட்பம் இருக்கிறது. வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே 3 அங்குலம் விட்டால் கோலம் உயரவாட்டில் நீண்டுவிடும். இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக விடுங்கள், ஆறு பக்கமும் சமமாக வரும். வெறும் அரிசி மாவு கையிலிருந்து கட்டி கட்டியாக விழுகிறது என்றால் அது மிகவும் நைசான மாவு. அரிசியை லேசாக வறுத்து, ரவையைவிடச் சற்று நைசாகத் திரித்துக்கொண்டால் விரலிடுக்கில் சீராக இறங்கும்.

மல்லிகை கட்டப் பழகுகிறேன். நான்கு விரற்கடை போவதற்குள் கட்டு அவிழ்ந்து பூ உதிர்கிறது. கட்டிய பூவைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பழுப்பேறுகிறது.
– கல்லூரி மாணவி, மதுரை

மல்லிகைக்கே பேர்போன ஊரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற பூ உங்களுடையது. இதழ் தடித்தது, பழகுவதற்கு இதைவிட நல்ல பூ கிடையாது.

தையல் நூலில் கட்டுகிறீர்களா? மெல்லிய நூல் காம்பை அறுத்துவிடும். வாழைநாரைப் பத்து நிமிடம் நனைத்து, 2 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். ஈரநார் காம்பைக் கவ்வும், காயும்போது இன்னும் இறுகும். இரண்டு மொட்டை ஒரு பக்கம் பார்த்தும், அவற்றின் காம்புமேல் காம்பு படிய மற்ற இரண்டை எதிர்ப்பக்கம் பார்த்தும் வைத்து, இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். நாரை காம்புகளைச் சுற்றி ஒரு சுற்று. பிறகு விரலில் நாரை முறுக்கி ஒரு கண்ணி போட்டு, அதை ஒரு பக்க மொட்டுகளின் மேலாக நுழைத்துக் காம்புவரை இறக்கி இழுங்கள். கண்ணியை முறுக்காமல் வெறும் வளையமாக மாட்டினால் இழுத்ததும் அவிழும். உங்களுக்கு நடப்பது அநேகமாக இதுதான். முறுக்கு சரியாக விழுந்தால் நாரின் நுனி கண்ணிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும்.

ஒன்றரைச் சென்டிமீட்டருக்கு ஒரு கட்டு என்றால் முழத்துக்கு 30 கட்டு, 120 மொட்டு. நெருக்கிக் கட்டினால் இதைப்போல இரு மடங்குகூட ஆகும். மொட்டு விரிவதற்கு முன், பிற்பகலிலேயே கட்டி முடித்துவிடுங்கள். விரிந்த பூவில் விரல் பட்ட இடமெல்லாம் கன்றிவிடும்.

பழுப்புக்குக் காரணம் இதழில் நிற்கும் நீர்த்துளியும் அதிகக் குளிரும். பூவின் மேல் தண்ணீர் தெளிக்காமல், நனைத்து ஒட்டப் பிழிந்த துணியிலோ வாழையிலையிலோ சுற்றி, மூடிபோட்ட டப்பாவில் காய்கறித் தட்டில் வையுங்கள். பழுத்த வாழைப்பழம், ஆப்பிள் பக்கத்தில் இருக்கக்கூடாது. அவை விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாட வைக்கும்.

புது அகல் விளக்குகள் எண்ணெயைக் குடிக்கின்றன, சுவரில் கரி படிகிறது.
– வாசகர், விழுப்புரம்

ஓரிரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். முதலில் குமிழி கிளம்பும், மண்ணின் துளைகளில் நீர் நிரம்புகிறது என்று அர்த்தம். எடுத்து ஒரு நாள் நிழலில் மேற்புறம் காய விட்டு ஏற்றுங்கள். நல்ல ஈரத்தோடு ஏற்றினால் திரி படபடக்கும். கரிக்குத் திரியின் நீளம்தான் காரணம். மூக்குக்கு வெளியே கால் அங்குலம் போதும். மூக்கைத் தாண்டித் திரி தொங்கினால் எண்ணெயும் அதன் வழியே சொட்டும்.

மகனின் பிறந்தநாளுக்குப் பலூன், ஜிகினா வேண்டாம் என்று பார்க்கிறோம். 20 அடிக் கூடத்துக்குக் காகிதத் தோரணம் செய்ய எவ்வளவு தாள் வேண்டும்?
– வாசகர், திருச்சி

ஊர்த் திருவிழாவில் தெருவுக்குத் தெரு கட்டும் அதே கொடித் தோரணம் போதும். கொடி 6 அங்குல அகலம், இடையில் 2 அங்குலம் என்றால் 20 அடிக்கு 30 கொடி. பட்டம் செய்யும் மெல்லிய வண்ணத்தாள் 20க்கு 30 அங்குலத்தில் வாங்கினால், 6க்கு 16 அங்குலத் துண்டுகள் தாளுக்கு 5 வரும். ஆறு நிறத்தில் ஆறு தாள், கணக்கு முடிந்தது. துண்டைக் குறுக்கே இரண்டாக மடித்து, மடிப்பு மேலே இருக்க முக்கோணமாக வெட்டி, மடிப்புக்குள் சணலை வைத்து ஒட்டுங்கள்.

பசைக்கு 2 மேசைக்கரண்டி மைதாவை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்து, சிறுதீயில் கிளறிக்கொண்டே இருங்கள். வெண்மை மாறிக் கண்ணாடிபோல் ஆனதும் இறக்கி ஆற விடுங்கள். சுடுநீரில் மைதாவைக் கொட்டினால் கட்டிதான் மிஞ்சும். பசையை ஓரத்தில் மட்டும் மெல்லப் பூசுங்கள். தடித்தால் தாளின் சாயம் இளகிக் கையிலும் சுவரிலும் ஒட்டும். முதல் நாளே ஒட்டிக் காய்ந்த பிறகுதான் கட்ட வேண்டும், ஈரத்தோடு கட்டினால் கொடி மேலும் கீழும் சுருளும். மின்விசிறிக்கு எட்டாத இடமாகப் பாருங்கள். சுண்ணாம்புச் சுவரில் செல்லோ டேப் ஒட்டினால் கழற்றும்போது பூச்சோடு வரும். திரைச்சீலைக் கம்பியிலோ ஏற்கெனவே உள்ள ஆணியிலோ கட்டலாம். விழா முடிந்ததும் அட்டையில் சுற்றி வைத்தால் சிக்காது, அடுத்த ஆண்டும் உதவும்.

"விசேஷமே இல்லாத நாளில் இதெல்லாம் எதற்கு?" என்கிறார் வீட்டுக்காரர். எனக்கோ ஆசையாக இருக்கிறது. வேலைக்குப் போவதால் காலையில் பத்து நிமிடம்தான் கிடைக்கும்.
– வாசகி, சேலம்

உங்கள் ஆசை நியாயமானது. பரீட்சை முடிந்த நாள், ஊரிலிருந்து அக்கா வரும் நாள், தொட்டியில் வைத்த கறிவேப்பிலை முதல்முறை துளிர்த்த நாள் எல்லாமே விசேஷம்தான். பத்து நிமிடத்துக்கு உருளி பொருந்தும். அகலமான பாத்திரத்தில் 2 அங்குலத் தண்ணீர், ஓரத்தில் ஒரு வட்டம் சாமந்தி இதழ், உள்ளே ஒரு வட்டம் அரளி, நடுவில் ஒரு முழுச் செம்பருத்தி. வெளியிலிருந்து உள்ளே அடுக்குங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் மிதந்து கலைந்துவிடும். பூவே கிடைக்காத நாளில் வேப்பங்கொத்து ஒன்று போதும். தண்ணீரை மட்டும் தினமும் கொட்டி, பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒன்றரை வாரத்துக்குள் பறக்கும் கொசுவாகிவிடும். இந்தத் தண்ணீர் மாற்றும் வேலையை வீட்டுக்காரரிடமே கொடுத்துப் பாருங்கள்.

கோவைப் பக்கம் போகியன்று காப்புக் கட்டுவோம். இப்போது இருப்பது சென்னையில். என்னென்ன வேண்டும், எங்கே கட்டுவது?
– வாசகி, தாம்பரம்

சிறுபீளை, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றும் முக்கியம். சிறுபீளையைப் பூளைப்பூ என்று கேட்டாலும் தருவார்கள். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே சந்தைகளில் கட்டாக வரும். ஆவாரம்பூவில் விரிந்ததைவிட மொட்டு மிகுந்த கொத்தாகப் பாருங்கள், விரிந்த இதழ் இரண்டு நாளில் கொட்டிவிடும். சிறுபீளையின் வெள்ளைக் கதிர் காய்ந்த பின்னும் உருக்குலையாமல் நிற்கும், அதனால் அதை வெளிப்பக்கம் வைத்து, ஒரு சாண் நீளக் கொத்தாகச் சணலால் இறுகக் கட்டுங்கள். கூரை இறவாரம் இல்லாத வீட்டில் நிலையின் மேல் மூலை இரண்டிலும் செருகலாம். பால்கனிக் கம்பியில் ஒன்று, வண்டியில் ஒன்று என்று கட்டினால் நான்கு கொத்து வேண்டியிருக்கும்.