லெக்ரூம் ஒன்றுதான், உட்காரும் விதம் வேறு: ஸ்போர்ட்ஸ் காரா, எஸ்யூவியா?

வாசகர் கேள்வி: என் உயரம் 186 செ.மீ. இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும் என்பது பல வருட ஆசை. மனைவிக்கு அவ்வப்போது இடுப்பு வலி வரும். ஏழு வயதில் ஒரு மகன். மாதத்தில் இரண்டு முறையாவது நான்கு மணி நேரப் பயணம் இருக்கும். நான் பார்த்து வைத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் காரிலும் எஸ்யூவியிலும் முன் சீட் லெக்ரூம் (காலுக்கான இடம்) கிட்டத்தட்ட ஒன்றாகவே போட்டிருக்கிறார்கள். அப்படியானால் எஸ்யூவியில் இடம் அதிகம் என்பது வெறும் பேச்சுதானா?

பதில்: வெறும் பேச்சு இல்லை. ஆனால் நீங்கள் பார்த்த எண்ணிலும் பொய் இல்லை. அந்த எண்ணை எப்படி அளக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி, மனித உருவில் ஒரு அளவுப் பொம்மையை உட்கார வைப்பார்கள். ஆக்சிலரேட்டர் மேல் இருக்கும் காலின் கணுவிலிருந்து இடுப்பு மூட்டு வரை நேர்கோட்டில் அளந்து, அதோடு 254 மி.மீ. சேர்த்தால் வருவதுதான் முன் சீட் லெக்ரூம். கோடு எவ்வளவு நீளம் என்று அது சொல்லும். எவ்வளவு சாய்வு என்று சொல்லாது. ஸ்போர்ட்ஸ் காரில் அந்தக் கோடு ஏறக்குறையத் தரையோடு படுத்திருக்கும். காலை முன்னால் நீட்டித்தான் உட்கார வேண்டும். எஸ்யூவியில் நாற்காலியில் உட்காருவதுபோல் முட்டி மடங்கி, பாதம் கீழே இறங்கும். ஒரே நீளம், இரண்டு விதமான உட்காரல். நீட்டிய காலை நினைத்தபடி மடக்கி வைக்க ஸ்போர்ட்ஸ் காரில் வழி குறைவு. எஸ்யூவியில் காலை இப்படி அப்படி மாற்றி வைக்கலாம். நான்கு மணி நேரப் பயணத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

ஹெட்ரூம் (தலைக்கான இடம்) எண்ணும் அப்படித்தான். 186 செ.மீ. உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளமாக இருக்கும், இன்னொருவருக்கு உடம்பு நீளமாக இருக்கும். கால் நீளமானவர் தாழ்ந்த கூரைக்கு அடியிலும் சமாளித்துவிடுவார். உடம்பு நீளமானவருக்குத் தலை இடிக்கும். 1967-இல் பிரான்ஸில் நடந்த லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தில், ஆறடிக்கு மேல் உயரமான ஓட்டுநர் டான் கர்னிக்காக ஃபோர்டு ஜிடி40 மார்க் 4 பந்தயக் காரின் கூரையில் ஒரு புடைப்பே வைத்தார்கள். அந்தப் பெயரில் உள்ள 40 என்பது காரின் உயரம், அங்குலத்தில்! அந்தப் பந்தயத்தில் அவரும் ஏ.ஜே. ஃபாய்ட்டும் ஜெயித்தார்கள். நமக்கு யாரும் புடைப்பு வைத்துத் தரப்போவதில்லை என்பதால், சன்ரூஃப் இல்லாத மாடலையும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். சன்ரூஃப் சில செ.மீ. ஹெட்ரூமைத் தின்றுவிடும்.

கால் நீளமானவர்கள் கவனிக்காமல் விடுவது ஸ்டீயரிங்கை. சீட்டைப் பின்னால் தள்ளினால் கால் சரியாகிவிடும், கை எட்டாது. ஸ்டீயரிங் மேலும் கீழும் நகர்ந்தால் போதாது, நம்மை நோக்கியும் வர வேண்டும். மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி பேர்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரிலேயே இந்த வசதி 2019 மாடலில்தான் வந்தது. பழைய கார் வாங்குவதாக இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

இனி சீட். மெத்து மெத்தென்று இருப்பதுதான் சுகம் என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறைய. மிருதுவான சீட் முதல் பத்து நிமிடம் சொர்க்கம். இரண்டு மணி நேரம் போனால் இடுப்பு அமிழ்ந்து முதுகு வளைந்துவிடும். நல்ல ஸ்போர்ட்ஸ் சீட் கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் முதுகை மேலிருந்து கீழ் வரை தாங்கும். பக்கவாட்டில் எழும்பி நிற்கும் மெத்தை வளைவுகளில் உடம்பைச் சரியவிடாது. ஓட்டுபவருக்கு மட்டும் என்று கேட்டால், சராசரி எஸ்யூவி சீட்டைவிட நல்ல ஸ்போர்ட்ஸ் சீட்டையே நான் தேர்ந்தெடுப்பேன். ஒரே நிபந்தனை, அந்தப் பக்க மெத்தை உங்கள் இடுப்பையும் தோளையும் நெருக்கக் கூடாது. முதுகுப் பகுதி சாயாத பந்தய வகை பக்கெட் சீட் உங்கள் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

ஆனால் மனைவிக்குச் சிக்கல் உட்கார்ந்த பிறகு இல்லை, உட்காருவதிலும் எழுவதிலும்தான். தாழ்ந்த சீட்டில் குனிந்து, உடம்பைத் திருப்பி, கிட்டத்தட்ட விழுந்து உட்கார வேண்டும். எழும்போது முழு எடையையும் முட்டியும் இடுப்பும் தூக்க வேண்டும். குனிவதும் திருகுவதும் ஒரே நேரத்தில் நடப்பது வலி உள்ள இடுப்புக்கு ஆகாது. இரண்டு கதவுக் கார்களில் கதவும் நீளம். பக்கத்தில் இன்னொரு கார் நின்றால் பாதிதான் திறக்கும். அதற்காக மிக உயரமான எஸ்யூவிதான் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். ஏறுவதும் ஒரு வேலைதான். சீட் அவர் இடுப்பு உயரத்தை ஒட்டி இருந்தால் பக்கவாட்டில் நகர்ந்தே உட்கார்ந்துவிடலாம்.

சாலைக் குலுக்கலில் எஸ்யூவி எப்போதும் மேல் என்றும் எண்ண வேண்டாம். உயரத்தில் உட்காருவதால், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது தலை இடமும் வலமும் ஆடும். ஸ்போர்ட்ஸ் காரில் இந்த ஆட்டம் குறைவு, மேலும் கீழுமான அதிர்வுதான் அதிகம். வினாடிக்கு 4 முதல் 8 முறை வரும் மேல்-கீழ் அதிர்வுதான் உட்கார்ந்திருக்கும் உடம்பை அதிகம் தொந்தரவு செய்யும். அழகுக்காகப் பெரிய சக்கரமும் பக்கவாட்டு உயரம் குறைந்த டயரும் போட்ட எஸ்யூவியில் இரண்டு தொல்லையும் சேர்ந்து வரும். ஒரே மாடலில் சிறிய சக்கரம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

பின் சீட்டில்தான் உண்மையான வித்தியாசம். எம்எக்ஸ்-5-இல் பின் சீட்டே கிடையாது. போர்ஷே 911-இன் கூபேயில் (கூரை பின்னால் சரியும் இரண்டு கதவு வகை) பின்னால் இரண்டு சிறிய சீட்கள் கிடைக்கும். உங்கள் மகன் இப்போதைக்கு அதில் உட்காருவான். ஆனால் நீங்கள் 186 செ.மீ. என்பதால் உங்கள் சீட் பின்னால் போகும், அவன் உங்கள் மனைவிக்குப் பின்னால் மட்டும்தான் உட்கார முடியும். அவரும் முன்னால் நகர்ந்து உட்கார வேண்டிவரும், அதாவது இடுப்பு வலி உள்ளவருக்கு இடம் குறையும். மகனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அந்த இடமும் போதாது. அப்புறம், கூரை பின்னால் சரியும் கூபே வகை எஸ்யூவிகள் இரண்டையும் சேர்த்துத் தருவதாகத் தோன்றும். பின்னால் உட்காருபவரின் தலைக்கு மேல் உள்ள இடம்தான் அந்தச் சரிவுக்கு விலை.

வீட்டுக்கு ஒரே கார் என்றால் நடுத்தர உயர எஸ்யூவிதான் என் தேர்வு. ஏற்கனவே வேறு கார் இருக்கிறதென்றால், ஆசைப்பட்ட ஸ்போர்ட்ஸ் காரையே எடுங்கள், தயங்க வேண்டாம்.

எதுவானாலும் ஷோரூமுக்கு மூவரும் சேர்ந்து போங்கள், வழக்கமாகப் போடும் செருப்பு, ஷூவோடு. முதலில் மனைவி ஐந்து முறை ஏறி இறங்கட்டும், கதவைப் பாதி மட்டும் திறந்து. பிறகு நீங்கள் ஓட்டும் நிலைக்கு உங்கள் சீட்டை வைத்துக்கொண்டு, மகனைப் பின்னால் உட்கார வையுங்கள். அவன் பயன்படுத்தும் குழந்தை சீட்டையும் கையோடு எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள். டெஸ்ட் டிரைவ் குறைந்தது நாற்பது நிமிடமாவது இருக்கட்டும். நெளிய வேண்டும் என்று முதலில் தோன்றுவது தொடையிலா, இடுப்பிலா, தோளிலா என்று இருவரும் குறித்துக்கொண்டு, அந்த இடத்துக்கு அந்த சீட்டில் ஏதாவது அட்ஜஸ்ட்மென்ட் இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள்.