அறை விட்டால் உண்மை வருமா?

கேள்வி: 'சி.ஐ.டி.' தொடரில் ஏ.சி.பி. பிரத்யுமன் ஓர் அறை விட்டதும் குற்றவாளி எல்லாவற்றையும் கக்கிவிடுகிறான். மதுரைக்கு அப்படி ஓர் அதிகாரி வந்தால் செயின் பறிப்பு ஒழிந்துவிடாதா?
– வாசகர் ஒருவர், உசிலம்பட்டி

பதில்: ஒழியாது. அப்படி ஒருவர் வரவும் வேண்டாம்.

1998-இல் தொடங்கி 20 வருடம் ஓடிய இந்தி டி.வி. தொடர் அது. பிரத்யுமனாக நடித்த சிவாஜி சாட்டம் நல்ல நடிகர், எனக்கும் பிடிக்கும். ஆனால் பிரத்யுமனின் அறை தப்பான கன்னத்தில் விழாது. கொலைகாரன் யார் என்று கதாசிரியர் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டார். நம் ஊர் ஸ்டேஷன் எஸ்.ஐ.க்கு யார் எழுதிக் கொடுப்பது? அவர் கையை ஓங்கும்போது எதிரே நிற்பவன் திருடனா, அப்பாவியா என்று அவருக்கே தெரியாது. அடி தாங்காதவன் செய்யாததையும் செய்தேன் என்பான்.

அது தெரிந்துதான் 1872-ஆம் வருடச் சாட்சியச் சட்டம், போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பிடிபட்டவன் காட்டிய இடத்தில் நகை கிடைத்தால், அந்த நகையைக் காட்டிக்கொடுத்த பேச்சு மட்டும் கோர்ட்டில் நிற்கும். மற்றபடி 'கக்கியது' எதுவும் உதவாது.

டி.வி. போலீஸ்தான் வேண்டுமென்றால் கொலம்போ என்ற துப்பறியும் அதிகாரியைக் கேளுங்கள். 1971-இல் அமெரிக்காவில் அவர் பெயரிலேயே தொடராக வந்தது. அந்த வேடத்தில் பீட்டர் ஃபாக் கசங்கிய கோட்டோடு வருவார். கொலை செய்தவர் யார் என்று பெரும்பாலும் ஆரம்பத்திலேயே நமக்குக் காட்டிவிடுவார்கள்; அவர் எப்படிப் பிடிக்கிறார் என்பதுதான் கதை. அடிக்க மாட்டார். கிளம்புவது போல வாசல்வரை போய், திரும்பி வந்து இன்னொன்று கேட்பார். செயின் பறிப்பைப் பிடிக்கும் வேலையும் அப்படிப்பட்டதுதான்: தெருத்தெருவாகக் கேமரா பதிவு பார்ப்பது, பைக் நம்பர் போலியா என்று தேடுவது, அடகுக்கடை அடகுக்கடையாக ஏறி இறங்குவது. ராத்திரி தூக்கம் கெட்டு இதைச் செய்கிற ஏட்டுகள் நம்மிடம் இருக்கிறார்கள். நீங்கள் கை தட்ட வேண்டியது அவர்களுக்கு.

அந்த ஓர் அறை எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்க நீங்கள் தூரம் போக வேண்டாம். திருப்புவனம் பக்கத்து மடப்புரம் கோயிலில் 2025 ஜூனில் நகை காணவில்லை என்று ஒரு புகார் வந்தது. அங்கே காவலாளியாக இருந்த இளைஞரைப் போலீசார் கூட்டிப்போய் விசாரித்தார்கள். அவர் உயிரோடு திரும்பவில்லை. உடலில் 44 காயங்கள் இருந்ததை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே சுட்டிக்காட்டியது. அவரை அடித்தவர்களும் உண்மையை வரவழைப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

சரி, உங்கள் தெருவில் செயின் பறிபோனால் என்ன செய்வது? புகாரை எழுதிக் கொடுங்கள். எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லுங்கள். அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்குக் காசு வாங்காமல் தரவேண்டும் என்பது சட்டம், கேட்டு வாங்குங்கள். மடப்புரத்தில் எஃப்.ஐ.ஆர். போடும் முன்பே அடி விழுந்துவிட்டது.