திசைகாட்டி மச்சானும் வாய்க்கால் தண்ணியும்

கேள்வி: மச்சானும் நானும் முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணியில் அடுத்தடுத்த வயல் செய்கிறோம். 2024 இலங்கை நாடாளுமன்றத் தேர்தலில் அவர் போட்டது திசைகாட்டிச் சின்னத்துக்கு (தேசிய மக்கள் சக்தி), நான் போட்டது வீட்டுச் சின்னத்துக்கு (தமிழரசுக் கட்சி). அன்றிலிருந்து வரம்பில் கண்டாலே வாக்குவாதம்தான். என்ன செய்யலாம்?
- வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தம்பி, அந்தத் தேர்தலில் வன்னி மாவட்டத்தின் 6 ஆசனங்களை 5 கட்சிகள் பிரித்துக்கொண்டன. ஒரே கட்சிக்காரரோடுதான் வயல் செய்வேன் என்றால் வாய்க்கால் துப்புரவாக்கவே ஆள் சேராது.

எங்கள் வீட்டிலும் இதே கூத்துத்தான். அண்ணன் சங்கு (ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி), அவருடைய மகன் திசைகாட்டி. சாப்பாட்டு நேரத்தில் நான்தான் நடுவர், சம்பளம் கிடையாது! ஒருநாள் மகனிடம், "எதை நம்பியடா போட்டனி?" என்று கேட்டேன். கட்சிப் பெயரே வரவில்லை. எல்லைக்கல் போட்டு மறித்த எங்கள் மேட்டுக்காணி, படித்ததற்கு ஒரு வேலை, அவ்வளவுதான். அண்ணன் கேட்பதும் அதே காணியைத்தான்.

நீங்களும் அப்படிக் கேட்டுப் பாருங்கள், இடையில் மறிக்காமல். வட்சப்பில் அவருக்குக் கேலிப்படம் அனுப்புவதை இன்றைக்கே நிறுத்துங்கள். கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் தண்ணி முறையை மட்டும் கதையுங்கள். அவர் பிறகும் சீண்டினால், "சரி மச்சான், குளத்துத் தண்ணியைப் பார்த்து சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்க விடுவினமாம்?" என்று கேளுங்கள். அதில் இருவருக்கும் ஒரே கோபம்தான் இருக்கும்.